மூலம் மறைந்த பின் எஞ்சும் கையெழுத்துப் படிகள்: ஆவணக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



பழைய ஆவணங்களை ஒளிவருடிக் கணினியில் சேமிக்கும் மின்னுருவாக்கப் பணி எங்கு தொடங்கினாலும், கையிருப்பில் உள்ள அனைத்தையும் ஒரே வீச்சில் முடிக்க நிதியும் ஆளும் போதாமையால், எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்ற தேர்வு தவிர்க்க முடியாததாகிறது. அத்தேர்வில், மூலம் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டவற்றுக்கு முன்னுரிமையும், படி என்று குறிக்கப்பட்டவற்றுக்குக் கடைசி இடமும் கிடைப்பது எளிதில் நேரக்கூடியது. ஒரே ஆவணத்துக்கு இரண்டு பிரதிகள் எதற்கு என்ற கேள்வி நிருவாக நோக்கில் நியாயமாகவும் தோன்றும். வரலாற்று ஆவணங்களின் கையெழுத்துப் படிகளைப் பொறுத்தவரை அந்த நியாயம் செல்லாது. ஒன்றைப் பார்த்து மற்றொருவர் கையால் எழுதிய ஒவ்வொரு படியும் தனக்கெனக் காலமும் இடமும் எழுதியவரும் நோக்கமும் கொண்ட தனி ஆவணம் என்பதையும், அது எதிலிருந்து, யாரால், எப்போது, எதற்காக எழுதப்பட்டது என்ற விவரத்தோடு பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பதையும் தங்கள் முன் வைப்பதே இம்மடலின் நோக்கம்.

மூலம் என்று போற்றப்படுபவற்றுள் பெரும்பகுதி படிகளே என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். வெப்பமும் ஈரமும் கறையானும் மிக்க நாட்டில் பனையோலைச் சுவடி சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே பழைய ஏடு நைந்துபோகும் முன் புதிய ஏட்டில் எழுதிக்கொள்வது இங்கு வழிவழியாக நடந்துவந்த வேலை. எழுதி முடித்த பின் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடும் வழக்கமும் இருந்தது. சங்க நூல்களில் ஒன்றுக்கும் அதை இயற்றிய புலவர் கைப்பட எழுதிய ஏடு இல்லை. கிடைப்பவை எல்லாம் மிகப் பிற்காலத்தில், பெயர் தெரியாத எழுத்தர்கள் பார்த்து எழுதியவை. இலக்கியத்துக்கு இது பொருந்தும் என்பதை அறிஞர்கள் எளிதாக ஏற்கின்றனர். அரசு ஆவணங்கள், ஊர்க் கணக்குகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றுக்கு இது பொருந்துவதை மட்டும் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

மூலத்துக்கும் படிக்கும் உள்ள உறவை இச்சமூகம் நுட்பமாகவே அறிந்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்து அவரைத் தம் அடிமை என்று வழக்காடும் முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்து எறிந்துவிட, திருவெண்ணெய்நல்லூர் அவையில் அந்த முதியவர், கிழிபட்டது படியோலையே என்று கூறி மூலவோலையை எடுத்து நீட்டுகிறார். அவையோர் அதை அப்படியே ஏற்றுவிடாமல், சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்து உள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வருகின்றனர். எடுத்துச்செல்வதற்கு ஒன்று, அவையில் காட்டுவதற்கு ஒன்று, எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் காப்பில் இருக்கும் மற்றொன்று என்று மூவகை ஓலைகளும் தத்தம் பயனோடு அக்கதையில் இடம்பெறுகின்றன. மூலவோலை பத்திரமாக இருந்ததால்தான் படியோலை கிழிந்தது வழக்கைப் பாதிக்கவில்லை. மூலம் இல்லாத இடத்தில் படியைக் கிழித்திருந்தால் வழக்கே இல்லாமல் போயிருக்கும்; இன்றைய காப்பகங்களில் உள்ள பல படிகளின் நிலை அதுவே.

இதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1709இல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் தலைமைத் துபாஷியாக, அதாவது ஐரோப்பியருக்கும் நாட்டவருக்கும் இடையே மொழிபெயர்ப்பும் வணிக இடையீடும் அரசியல் ஆலோசனையும் ஒருங்கே நடத்திய அலுவலராக விளங்கிய அவர், 1736 செப்டம்பர் 6 தொடங்கித் தம் இறப்பு வரை தமிழில் எழுதியும் எழுதுவித்தும் வந்த குறிப்புகள், பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய அரசியலையும் வணிகத்தையும் அன்றாடப் பேச்சையும் அறிவதற்கு ஈடற்ற மூலங்கள். அவர் 1761 ஜனவரி 12இல் இறந்தார்; நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, பின் அந்நகரம் தகர்க்கப்பட்டது. ஏடுகள் குடும்பத்தார் வசம் இருந்து, ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பிறகு, 1846இல் அர்மான் கலுவா மொம்பிரேன் என்பவரால் கண்டறியப்பட்டன. அவர் ஒரு படி எடுத்தார். தமிழ் கற்று, திருக்குறளைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க முனைந்த எதுவார் அரியேல் மற்றொரு படி எடுக்க, அது பாரிசிலுள்ள பிரெஞ்சு தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. பின்னர் 1890களில் சென்னை அரசு தன் பயன்பாட்டுக்கென ஒரு படி எழுதுவித்தது. பிரெடரிக் பிரைஸ், ரங்காச்சாரி ஆகியோர் தொடங்கி, சென்னை ஆவணக் காப்பாளராக இருந்த ஹென்றி டாட்வெல் தொடர்ந்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தது அந்தப் படியே.

தமிழ் அறியாத வரலாற்றாசிரியர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையை மேற்கோள் காட்டும்போது, அவர் வாய்மொழிக்கும் மேற்கோளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் மட்டும் நிற்பதாகக் கருதுகின்றனர். உண்மையில் அவருக்கும் முன்னால், பிள்ளை மறைந்து 130 ஆண்டுகளுக்குப் பிறகு ஏட்டைப் பார்த்து எழுதிய எழுத்தர்கள் நிற்கின்றனர். அவர்கள் எத்தனை பேர், பழைய எழுத்தில் அவர்களுக்கு எவ்வளவு பயிற்சி இருந்தது, எழுதியதை மூலத்தோடு யாராவது படித்து ஒப்பிட்டாரா என்ற கேள்விகளுக்கு விடை, அந்தப் படியின் தாள்களிலும் அது தொடர்பான அரசுக் கோப்புகளிலும் தேடப்பட வேண்டியது. நாட்குறிப்பில் இடையிடையே சில காலப்பகுதிகள் விடுபட்டுள்ளன என்பது யாவரும் அறிந்ததே. பிள்ளை அந்நாட்களில் எழுதவில்லையா, எழுதிய ஏடு பின்னர் தொலைந்ததா, படியெடுத்தவர் விட்டுவிட்டாரா என்பதைப் பாரிசுப் படியையும் சென்னைப் படியையும் எஞ்சிய மூலப் பகுதிகளையும் அருகருகே வைத்தாலன்றிச் சொல்ல இயலாது. இவற்றுள் ஒன்றை இரட்டைப் பிரதி என்று கழித்துவிட்டால், மௌனம் பிள்ளையுடையதா எழுத்தருடையதா என்று கேட்பதற்கே வழியில்லாமல் போய்விடும்.

பார்த்து எழுதுதல் என்பது தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை ஒருபோதும் வெறும் கைவேலையாக இருந்ததில்லை என்பதை இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஓலையிலும், ஓலை வழக்கத்தைப் பின்பற்றிய பழைய தாளேடுகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டும் இரட்டைச் சுழிக் கொம்பு, ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தவரான வீரமாமுனிவர் கொண்டுவந்ததாகக் கூறப்படும் சீர்திருத்தம் என்பதால், அது எல்லார் கைக்கும் வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே பழைய ஏட்டில் கொடியும் கோடியும் ஒரே வடிவில்தான் எழுதப்பட்டிருக்கும். போரும் வணிகமும் ஒரே பக்கத்தில் கலந்து வரும் ஒரு நாட்குறிப்பில் அது கப்பலின் கொடியா, பணத்தின் கோடியா என்பதை இடம் நோக்கி முடிவுசெய்தவர் எழுத்தரே. அச்சு நூல்களின் எழுத்துமுறைக்குப் பழகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்து எழுத்தர் புள்ளியும் காலும் நெடிலும் பிரித்து எழுதும்போது, வரிக்கு வரி இத்தகைய முடிவுகளை எடுத்துக்கொண்டே செல்கிறார். படியைப் படிப்பவர் கண்ணுக்கு முடிவு மட்டுமே தெரியும். அங்கு ஓர் ஐயம் இருந்தது என்பது தெரியாது.

எண்களில் இடர் இன்னும் மிகுதி. தமிழ் எண்களில் ஒன்றைக் குறிக்கும் ௧ ககரத்தையும், இரண்டைக் குறிக்கும் ௨ உகரத்தையும், ஏழைக் குறிக்கும் ௭ எகரத்தையும், எட்டைக் குறிக்கும் ௮ அகரத்தையும் ஒத்தவை. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் இட்டுப் பெருக்கி எழுதும் பழைய முறையில், எழுநூற்று நாற்பத்தாறு என்பது ௭௱௪௰௬ என்று அமையும். இடையில் ஒரு குறி தேய்ந்திருந்தாலோ, எழுத்தரின் கண்ணுக்குத் தப்பினாலோ தொகை வேறாகிவிடும். மா என்பது இருபதில் ஒரு பங்கு, காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்று வரும் பின்னங்களுக்கும், நாள், மாதம், வருடம், வரவு, பற்று, மேற்படி ஆகியவற்றைச் சுருக்கி எழுதும் ௳, ௴, ௵, ௷, ௶, ௸ முதலிய கூட்டுக் குறிகளுக்கும் இதே கதி உண்டு. நிலவரி, நெல் அளவு, கடன் தொகை பற்றிய ஆய்வுகள் இத்தகைய குறிகளின் மீதே எழுப்பப்படுவதால், படியெடுத்தவர் குறியைக் குறியாகவே வரைந்தாரா, தாமே விரித்து எழுதினாரா என்பது பட்டியலில் ஒரு சொல்லேனும் சொல்லப்பட வேண்டிய செய்தி.

தேதிகளோ பிழையைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும், பிழைக்கு இடமும் கொடுக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை ஐரோப்பிய மாதத் தேதியோடு தமிழ் ஆண்டு, மாதம், கிழமை ஆகியவற்றையும் சேர்த்து எழுதியதால், நள ஆண்டு ஆவணி மாதத்து வியாழக்கிழமை 1736 செப்டம்பர் 6ஆம் நாளோடு பொருந்துகிறதா என்று கணக்கிட்டே படியின் நம்பகத்தைச் சோதிக்கலாம். ஒன்று தவறினால் மற்றவை காட்டிவிடும். ஆனால் 1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியையும், பிரெஞ்சுக்காரர் கிரெகோரியன் நாட்காட்டியையும் பின்பற்றியதால், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த நாள் ஆங்கில ஆவணத்தில் செப்டம்பர் 10 என்றும் பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21 என்றும் நிற்கிறது. இரண்டும் சரி. இதை அறியாத ஒரு பிற்கால எழுத்தரோ பதிப்பாளரோ ஒன்றைத் திருத்தினால், திருத்தியதைச் சொல்லாமலும் விட்டால், பதினொரு நாள் காற்றில் கரைந்துவிடும்.

அடுத்து, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலுள்ள மெக்கன்சி தொகுப்பைக் கருதலாம். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து, நில அளவைப் பொறியாளராகப் பணியாற்றி, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையராக உயர்ந்த காலின் மெக்கன்சி, காவெலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலிய உதவியாளர்களைக் கொண்டு ஊர்தோறும் கணக்கர், கோயிலார், பாளையக்காரர் ஆகியோரிடமிருந்து திரட்டியவை இவை. ஓர் ஊரின் அல்லது பாளையத்தின் வரலாறாக உள்ளோர் சொல்வதை எழுதிய கைபீதுகள், அரச மரபுகளைக் கூறும் வம்சாவளிகள், கல்வெட்டு, செப்பேட்டுப் படிகள் எனப் பலவகை அதில் அடங்கும். அவர் 1821இல் இறந்த பின் அரசு ஒரு லட்சம் ரூபாய்க்கு அத்தொகுப்பை வாங்கியது. ஹொரேஸ் வில்சன் 1828இல் வெளியிட்ட பட்டியல் கல்வெட்டுகளின் படிகளாக மட்டும் 8,076ஐக் கணக்கிடுகிறது. அவற்றுக்கு மூலமாக இருந்த கற்கள் பல திருப்பணிகளிலும் பாலக் கட்டுமானங்களிலும் மறைந்தன. ஊர்க் கணக்கர் வீட்டு ஏடுகள் பலவும் அழிந்தன. அதாவது இத்தொகுப்பு தொடக்கத்திலேயே பெருமளவு படிகளின் தொகுப்பு.

அதுவும் நிலைக்கவில்லை. மலிவான தாளும் தாளை அரிக்கும் மையும் பூச்சியும் சேர்ந்து பல ஏடுகளைப் படிக்க முடியாதவையாக்க, 1830களில் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் சிதைந்த ஏடுகளை ஆராய்ந்து, தேவை என்று தாம் கருதியவற்றைப் புதிய தாளில் எழுதுவித்தார். தெலுங்கு அறிஞர் சார்லஸ் பிலிப் பிரவுன் தெலுங்குக் கைபீதுகளுக்குத் தனியே படிகள் எடுப்பித்தார். இருபதாம் நூற்றாண்டில் தி.வை. மகாலிங்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே 1972 முதல் இவற்றின் சுருக்கங்களை வெளியிட்டார். ஆகவே இன்று ஓர் ஆய்வாளர் கையில் எடுக்கும் கைபீது, ஊரார் சொன்னதா, மெக்கன்சியின் ஆள் எழுதியதா, டெய்லரின் எழுத்தர் மீட்டதா என்பதைப் பொறுத்து அதன் சான்றுமதிப்பு மாறும். டெய்லர் எதை மீட்டெழுதத் தேர்ந்தார் என்பதில் அவருடைய விருப்பு வெறுப்புகளும் கலந்திருக்கின்றன. சைவ, வைணவத் தலபுராணச் செய்திகளைப் பற்றிக் கிறித்தவப் பாதிரியாராக அவர் கொண்டிருந்த கருத்து, எது வரலாறு, எது கட்டுக்கதை என்ற அவர் தீர்ப்பைத் தொட்டிருக்காது என்று எண்ண முடியாது. அவர் மீட்டிராவிட்டால் அவையும் இன்று இல்லை என்ற நன்றியோடே இதைச் சொல்ல வேண்டும்.

தங்களிடம் கோரப்படும் விவரக் குறிப்பு புதிய சுமையோ அயல்நாட்டு முறையோ அன்று. பத்தாம் நூற்றாண்டில் திருக்கோடிக்காவில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த முன்னோர் காலத்து ஆவணங்களைப் புதிய சுவரில் பொறிக்கச் செய்து, அவை பழங்கற்படி என்பதையும் உடன் பொறிக்கச் செய்தார். அக்குறிப்பு இல்லாதிருந்தால், பழைய மன்னரின் ஆட்சியாண்டும் பிற்கால எழுத்தமைதியும் முரண்படுவதைக் கண்டு அவற்றைப் போலி என்று ஒதுக்கியிருக்கவும் கூடும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் மூவாண்டுப் பட்டியல்களும், தனியாரிடம் இருந்த சுவடியைப் பார்த்து எழுதிய படி எனில், எந்த ஆண்டில், எவ்வூரில் யாருக்கு உரிய சுவடியிலிருந்து எழுதப்பட்டது என்று அச்சிட்டுள்ளன. பத்திரப் பதிவு அலுவலகங்களில் கையால் எழுதி வைக்கப்பட்ட பழைய பதிவுப் புத்தகங்கள் இன்றும் வழக்குகளைத் தீர்த்துவைக்கின்றன. குடும்பத்தார் கையிலிருந்த பத்திரம் தொலைந்தாலும் அப்பதிவிலிருந்து பெறும் சான்றிட்ட நகல் நீதிமன்றத்தில் செல்லுபடியாவதற்குக் காரணம், எழுதியவரும் ஒப்பிட்டவரும் அதற்குப் பொறுப்பேற்றிருப்பதே.

மின்னுருவாக்கத்தின்போது இந்த விவரங்கள்தாம் முதலில் உதிர்கின்றன. உரை உள்ள பக்கங்களை மட்டும் படம் பிடித்து, மேலட்டை, முதல் வெற்றுத்தாள், உள்ளே செருகிய சீட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒப்பீட்டுக் குறிப்பு, பழைய பதிவெண் முத்திரை ஆகியவற்றை விட்டுவிட்டால், படியின் பிறப்பைச் சொல்லும் சான்றுகள் கோப்பினுள் வருவதே இல்லை. கணினியில் தட்டெழுதும்போது பழைய எழுத்துமுறையை இக்கால முறைக்கு மாற்றுவதும் இதே வகைச் சேதமே. அது இன்னொரு படி, அதற்கும் எழுத்தர் உண்டு, அவர் எடுத்த முடிவுகளும் உண்டு. தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறித் தரத்தில் சேர்க்கப்பட்டுவிட்டதால், குறிகளை விரித்தெழுதித்தான் ஆக வேண்டும் என்ற பழைய நெருக்கடியும் இப்போது இல்லை.

ஒரே இடத்தில் ஒரே ஒரு பிரதி இருப்பதன் ஆபத்தை 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் தமிழுலகுக்குக் காட்டிவிட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் அச்சானவற்றை வேறிடங்களில் தேடிப் பெறலாம். படியெடுக்கப்படாத ஓலைச்சுவடிகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் கோட்டைகளின் ஆலோசனைப் பதிவுகளுக்குப் படி எழுதி ஆண்டுதோறும் லண்டனுக்குக் கப்பலில் அனுப்பியது இத்தகைய அச்சத்தாலன்று, தலைமையிடத்துக்குக் கணக்குக் காட்டவே; ஆயினும் இங்கு அழிந்த பல பதிவுகளை அங்கு சென்று படிக்க இன்று முடிவது, சம்பளத்துக்கு எழுதிய அந்த எழுத்தர்களால்தான்.

ஆகவே தங்கள் நிறுவனத்தின் அடுத்த பட்டியல் திருத்தத்தில், படி என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில், மூலம் இப்போது எங்குள்ளது அல்லது எப்போது வரை இருந்தது, எழுதியவரும் ஒப்பிட்டவரும் யார், எழுதிய ஆண்டும் காரணமும் என்ன, அதே மூலத்திலிருந்து எடுத்த வேறு படிகள் எங்குள்ளன என்பவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும்; தெரியாதவை வெற்றிடமாகவே இருக்கட்டும், ஊகத்தால் நிரப்ப வேண்டா. சென்னை, புதுச்சேரி, பாரிசு ஆகிய இடங்களில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் படிகளை நாள் வாரியாக ஒப்பிட்டுக் காட்டும் பொது அட்டவணை ஒன்றை அந்நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கினால், பிற ஆவணங்களுக்கு அதுவே மாதிரியாக அமையும். படிகளின் வரலாறு பற்றிய செய்திகளுள் பல எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், நீண்டகாலம் பணியாற்றிய எழுத்தர்களும் சுவடிக் காப்பாளர்களும் மட்டுமே அறிந்தவையாக உள்ளன. ஒளிவருடும் இயந்திரத்துக்கு ஒப்பந்தம் கோருவதற்கு முன், ஓய்வுபெறும் நிலையிலிருக்கும் அவர்களை அமர்த்தி, அவர்கள் சொல்வதைப் பெயரோடும் தேதியோடும் அந்தந்தப் படியின் பதிவில் சேர்த்துவிடும்படி இம்மடல் தங்களைக் கேட்டுக்கொள்கிறது.